சாக்ஸைப் புரட்டிப் போட்டவர்

ஓடும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டார். காலைத்தான் பார்ப்பார். பின்னால் வருகிறவரின் காலைப் பார்க்க முடியாது என்பதால் அதைக் காதால் கேட்பார். எனக்கும் அவருக்கும் அறிமுகம் ஏற்பட்டது அப்படித்தான்.

மும்பை மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றி நான் ஓடத் தொடங்கியிருந்த புதிது. டாக்டர் ஓடச் சொல்லியிருந்தார், ஓடினேன். எனக்கு முன்னால் சல்வார் கமீஸும் ஓட்டக் காலணியுமாக என் வயதுள்ள ஒரு பெண்மணி போய்க்கொண்டிருந்தார். சற்று முன்பு நான் போனில் தமிழில் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். திரும்பாமலே சொன்னார்:

"சார், உங்க இடது கால் சத்தம் மாறிடுத்து. குதிகால் எரியறதா?"

"லேசாத்தான். இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு, முடிச்சுட்டுப் பாக்கறேன்."

அவர் நின்றுவிட்டார். நானும் நிற்க வேண்டியதாயிற்று.

"முடிச்சுட்டுப் பாத்தா அது வேற வியாதி. இப்போ வெறும் எரிச்சல். அரை மணி கழிச்சு கொப்பளம். ஒக்காருங்கோ, ஷூவைக் கழட்டுங்கோ."

அறிமுகமில்லாத ஒரு பெண்ணின் எதிரில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து காலைக் காட்டுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு அப்படி எதுவும் இல்லை. குதிகாலின் மேல் விளிம்பில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்துக் காயவைத்தார். இடுப்புப் பையிலிருந்து காகித பிளாஸ்திரியை எடுத்து, மூலைகளை வட்டமாக வெட்டி, விரலால் நீவி நீவி ஒட்டினார். "மூலை கூரா இருந்தா சாக்ஸ் பிடிச்சு இழுக்கும். சுருக்கம் விழுந்தா டேப்பே கொப்பளம் போடும்" என்றார். பிறகு என் காலணியின் கயிற்றைப் பார்த்தார். மேலே கடைசியாக ஒரு துளை இருக்கிறதே, அதை யாருமே உபயோகிப்பதில்லையே, அது எதற்கென்று நினைத்தீர்கள் என்று கேட்டார். அதில் கயிற்றை வளையமாக நுழைத்துக் கட்டிக் காட்டினார். குதிகால் மேலும் கீழும் ஆடுவது நின்றது. அன்று நான் மிச்சமிருந்த சுற்றையும் ஓடினேன்.

நாட்குறிப்பில் அவர் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன். இங்கே எழுதப்போவதில்லை. பெயர் எங்காவது வருவது அவருக்குப் பிடிக்காது. தவிர, அதற்குத் தேவையும் இல்லை. எங்கள் ஓட்டக் கூட்டத்தில் எல்லோருக்கும் அவர் மாமி. குஜராத்திக்காரர்களும் மராத்திக்காரர்களும் மாமி என்பதே அவருடைய பெயர் என்று நினைத்துக் கூப்பிட்டார்கள். ஒருவர் வாழ்த்து அட்டையில் "மிஸஸ் மாமி" என்று எழுதியதை அவரே எல்லோருக்கும் காட்டிச் சிரித்தார்.

பாலக்காட்டுக் குடும்பம். பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் மாட்டுங்காவுக்குள்ளேயே. ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. மெதுவாக ஓடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அவரைத் தாண்டிப் போய்விடும். ஆனால் ஓட்டத்தால் காலில் புண் வந்து அவர் ஒரு நாளும் வீட்டில் உட்கார்ந்ததில்லை. எங்களில் வேறு யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

அவருடைய பழக்கங்களில் முதலில் கண்ணில் படுவது, சாக்ஸை உள்வெளியாகப் புரட்டிப் போடுவது. தையல் எல்லாம் வெளியே பிசிறாகத் தெரியும்.

"மாமி, சாக்ஸு உல்டாவால்லா இருக்கு" என்று முருகேசன் முதல் நாளே சொன்னான்.

"தையல் யாரை உறுத்தணும்? என் காலையா, உன் கண்ணையா?"

முருகேசனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவன். அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். மாமியைக் கேலி செய்வதற்காகவே ஓட வருகிறான் என்று எனக்குத் தோன்றும். மாமிக்கு இடுப்பில் கட்டிக்கொள்ள நல்ல தோலில் ஒரு பை தைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். மாமி அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு. இதுக்குள்ள வேர்வை போனா காயவே காயாது" என்று திருப்பிக் கொடுத்தார். அவன் முகம் சுண்டிப் போயிற்று. மறுவாரம் மழைக்கோட்டுத் துணியில் இன்னொன்று தைத்து வந்தான். அதைத்தான் மாமி எங்களோடு ஓடிய கடைசி நாள் வரை கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே எப்போதும் ஒரே சாமான்கள்: பிளாஸ்திரி, சின்னக் கத்திரி, கைக்குட்டை, உறையில் போட்ட ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ். பணம்கூட இருக்காது.

கொப்புளத்துக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். மாமி ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுப்பார். பற்பசை தடவுகிறவரிடம், "பல்லுக்கு என்ன தடவறேள்?" என்பார். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு அப்படியே வைத்துக்கொள்வதாக ஒருவர் சொன்னபோது மாமி கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். "அழுக்கு உள்ளே போறதுக்கு நூல் ஏணி போட்டுக் குடுத்திருக்கேளே!" சின்னதாக இருந்தால் தொடாதே, சுற்றி மெத்தைபோல ஒட்டி மேலே உரசாமல் பார்த்துக்கொள். பெரிதாகி நடக்கவே முடியாவிட்டால் மட்டும், சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கவைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை விடு. மேல்தோலை உரிக்காதே, அதைவிட நல்ல கட்டு கடையில் கிடைக்காது. சுற்றிச் சிவந்தாலோ, சீழ் வைத்தாலோ டாக்டர். இவ்வளவுதான் அவருடைய வைத்தியம். இதில் குத்தும் கட்டத்துக்கு யாரும் போகக்கூடாது என்பதற்காகத்தான் எரிச்சலிலேயே எல்லோரையும் உட்காரவைத்தார்.

உட்காரவைப்பதில் இடம், பொருள், ஏவல் பார்க்கமாட்டார். என் அலுவலக நண்பர் மகனின் கல்யாணம் மாட்டுங்காவில் நடந்தது. மாமியும் வந்திருந்தார். மாப்பிள்ளை கையில் குடையும் விசிறியுமாகக் காசி யாத்திரை புறப்பட்டார். நாதஸ்வரம் முழங்குகிறது. பெண்ணின் அப்பா வழிமறித்துத் தேங்காயை நீட்டத் தயாராக நிற்கிறார். மாப்பிள்ளை வாசலைத் தாண்டி இரண்டு அடி வைத்ததும் மாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

"ஒரு நிமிஷம் இருங்கோ. அந்தப் புதுச் செருப்பு கடிக்கறது அவனுக்கு."

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லை ஆன்ட்டி."

"நாக்கைக் கடிச்சுண்டு நடக்கறயே, நான் பாக்கலையா?"

"மாமி, முகூர்த்தம் நெருங்கறது!" என்று வாத்தியார் குரல் கொடுத்தார். "காசி யாத்திரை சும்மா ஒரு சம்பிரதாயம். பத்தடிதான் போகப்போறான்."

"பத்தடி காசிக்கு. அப்பறம் நாள் பூரா யார் நிக்கறது, நீங்களா?"

பட்டுப்புடவை மடியிலிருந்து பிளாஸ்திரி வந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோக்காரன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். அந்தக் குடும்பத்தில் இன்றும் அந்தப் பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் அன்று பெண்ணின் அத்தை ஒருத்தி, "இந்த மாமிக்கு எங்கே எதைச் செய்யறதுன்னே கிடையாது" என்று உரக்கவே சொன்னாள். அதுவும் உண்மைதான். மாமியோடு வெளியே போகும்போது எனக்கு உள்ளூர ஒரு படபடப்பு இருந்துகொண்டே இருக்கும். எந்த நேரத்தில் யாரைச் செருப்பைக் கழற்றச் சொல்வாரோ என்று.

தொடாத காலும் உண்டு. எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் இருந்தார். சர்க்கரை நோயாளி. ஒரு நாள் கட்டைவிரலில் வந்த கொப்புளத்தைக் காட்டினார். மாமி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டார். "சர்க்கரை இருக்கற கால் எனக்கில்லை. டாக்டருக்கு." அவர் மாலையில் போகிறேன் என்றார். அரை டிராயரில் இருந்தவரை மாமி அப்படியே டாக்ஸியில் ஏற்றிச் சயானில் டாக்டர் கதவைத் திறக்கும் வரை வாசலிலேயே உட்காரவைத்தார்.

இந்த "இப்பவே" குணத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு பெரிய துயரம் இருக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். வீட்டில் யாருக்கோ காலை எடுத்திருப்பார்கள் என்று ஒரு பேச்சுகூட இருந்தது. முருகேசன்தான் துணிந்து கேட்டான்.

"மாமி, தப்பா நெனைக்காதிய. உங்க வீட்டுல யாருக்காவது கால்ல ஏதும் ஆயிட்டா?"

மாமி வியப்போடு பார்த்தார். "இல்லையே. ஏன்?"

"இல்ல, ஒரு சின்ன எரிச்சலுக்கு இந்தப் பாடு படுத்துதீயளே."

"கதையெல்லாம் ஒண்ணும் இல்லைடா. எனக்கு வலி பொறுக்காது. அவ்வளவுதான். உங்களுக்கெல்லாம் பொறுக்கறது, அதனால வளரவிடறேள்."

வலி பொறுப்பதைப் பெருமையாக நினைத்து ஓடிக்கொண்டிருந்த எங்களுக்கு அது சட்டென்று விளங்கவில்லை. முருகேசன் ஏமாற்றத்தோடு, "இம்புட்டுத்தானா?" என்றான்.

மாமிக்கு ஓட்டத்தில் ஒரே ஓர் ஆசை இருந்தது. ஜனவரியில் நடக்கும் முழு மாரத்தானை ஒரு தடவை முடிக்க வேண்டும். பாதி தூரத்தைப் பல வருடம் ஓடியிருந்தார். முழு தூரத்தில் ஒரு சிக்கல். ஓட்டத்தின் வாலில் ஒரு பஸ் வரும். அது யாரைத் தாண்டிவிடுகிறதோ அவருக்கு ஓட்டம் முடிந்தது. அதில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். மாமியின் வேகத்துக்கு அந்த பஸ் எப்போதும் பக்கத்திலேயே வரும்.

அந்த வருடம் ஆசை அவசரமாகிவிட்டது. அவர்கள் இருந்த பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவதாக முடிவாயிற்று. குடும்பம் தொலைவிலுள்ள டோம்பிவிலிக்குப் போகிறது. அங்கிருந்து ஃபோர்ட்டுக்கு ரயிலில் வர வேண்டுமென்றால் ஓடுகிற நேரத்தில் பிளாட்பாரத்தில் நின்றாக வேண்டும். "இந்த வருஷம் இல்லேன்னா எப்பவும் இல்லை" என்றார் மாமி. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நானும் முருகேசனும் கூடவே ஓடுவதென்று பெயர் கொடுத்தோம்.

முருகேசன் அந்தக் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டான். ஒரு மண்டலத்துக்கு மேல் செருப்பில்லாத கால். தாராவிச் சந்துகளிலும் வெறுங்காலோடு நடந்தான், எங்களோடும் வெறுங்காலோடு ஓடினான். மகரஜோதி பார்த்துவிட்டு வந்து மாலையைக் கழற்றினால் அந்த ஞாயிறே மாரத்தான்.

"ஷூவை ஒடனே மாட்டிண்டு முழு தூரம் ஓடாதே முருகேசா. காச்சுப்போன தோலுக்கு அடியில கொப்பளம் வந்தா வெளியில தெரியாது. இந்த வருஷம் பாதி ஓடு."

"மாமி, தோலப் பத்தி எங்கிட்டயா பாடம் நடத்துதிய?" காலைத் தூக்கிக் காட்டினான். "பாத்தீயளா, எருமத்தோலு மாதிரி ஆயிட்டு. இதுல ஆணியே எறங்காது."

"ஆணி மேலேந்து வரும். இது உள்ளேந்து வரும்."

"சாமி காலு மாமி. ஒண்ணும் ஆவாது."

சாமியை இழுத்தால் மாமி விட்டுவிடுவார்.

அந்த ஞாயிறு மாமி நன்றாகவே ஓடினார். மாஹிம் வரை எங்கள் மூன்று பேருக்கும் ஒரு குறையும் இல்லை. சாலையின் இருபக்கமும் ஜனங்கள் நின்று ஆரஞ்சுச் சுளை, கடலை மிட்டாய், பிஸ்கட் கொடுப்பார்கள். ஓடுகிறவர்கள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். மாமி மட்டும் குடிப்பதோடு சரி. தலையில் ஊற்றும் தண்ணீர் கடைசியில் ஷூவுக்குள்தான் போகும் என்பது அவருடைய கணக்கு. மாஹிமில் ஒரு அடுக்குமாடி சொசைட்டி வாசலில் பெரியவர் ஒருவர் ரப்பர் குழாயைப் பிடித்து ஓடுகிறவர்கள்மேல் பீய்ச்சிக்கொண்டிருந்தார். மாமி கையெடுத்துக் கும்பிட்டு, "நக்கோ, நக்கோ" என்று மராத்தியில் வேண்டாமென்று சொல்லி ஒதுங்கினார். கூச்சப்படுகிறார் என்று நினைத்த பெரியவர் அன்போடு குழாயை அவர் பக்கம் திருப்பி, தலையிலிருந்து கால் வரை நனைத்துவிட்டார்.

"மாமி, தீர்த்தம்!" என்று முருகேசன் சிரித்தான்.

மாமி சிரிக்கவில்லை. காலணியைக் கழற்றிக் கவிழ்த்தார். சாக்ஸைப் பிழிந்தார். "ஷூவே ஈரம். இப்போ மாத்தினா இருக்கற ஒரு ஜோடியும் வீணாயிடும். கொஞ்சம் வடியட்டும்" என்று மறுபடி ஓடினார். அதன் பிறகு அவர் பேச்சு நின்றுவிட்டது. பாதத்தில் நடப்பதைக் கேட்டுக்கொண்டே ஓடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

ஹாஜி அலி அருகே சாலை நடுவிலுள்ள தடுப்புக் கட்டையில் சட்டென்று உட்கார்ந்தார். "வந்துடுத்து" என்றார்.

திரும்பிப் பார்த்தால் வளைவில் பஸ் தெரிந்தது.

"மாமி, எந்திரிங்க! பஸ்ஸு வருது! முடிச்சுட்டுப் பாத்துக்கிடலாம்!" என்று முருகேசன் கத்தினான்.

மாமி காலைத் துடைத்தார். மூலையை வட்டமாக வெட்டினார். ஒட்டினார். நீவினார். உலர்ந்த சாக்ஸைப் புரட்டிப் போட்டார். ஃபைவ் கார்டன்ஸ் பெஞ்சில் எனக்குச் செய்தபோது என்ன நிதானமோ அதே நிதானம். கயிற்றைக் கட்டும்போது அவர் பார்வை முருகேசனின் காலுக்குப் போயிற்று. அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"நீயும் கழட்டு."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"கழட்டுடா."

கழற்றினான். உள்ளங்காலில் ஒன்றுமே தெரியவில்லை. காய்த்த தோல் கொஞ்சம் மஞ்சளாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். மாமி அதன் ஓரத்தில் விரலை வைத்து மெல்ல அழுத்தினார். முருகேசன் போட்ட சத்தத்தில் போலீஸ்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆழத்துல இருக்கு. இது என்னால ஆகாது. குத்தாதே, கிழிக்காதே. பஸ்ல ஏறு."

"பஸ்ஸுலயா? பட்டறையில அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன் மாமி!"

"அவாகிட்ட நான் பேசிக்கறேன். ஏறு. சார், உங்களுக்கும் கெண்டைக்கால் பிடிச்சுண்டிருக்கு, தெரியறது. ரெண்டு பேருமா ஏறுங்கோ." எழுந்தார். "நான் போறேன்" என்றார். போய்விட்டார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்காக அவர் நின்றிருந்தால் நான் அவரை இவ்வளவு மதித்திருப்பேனா என்று தெரியவில்லை.

பஸ்ஸில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பெத்தர் ரோடு ஏற்றத்தில் மாமி எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. மரீன் டிரைவில் தெரிந்தார். கடலோரமாகச் சீராக, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வேறு யாரும் இல்லை, எங்கள் பஸ்தான். முருகேசன் ஜன்னலில் பாதி உடலை வெளியே விட்டு, "எங்க மாமி! எங்க மாமி!" என்று கத்தினான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து முன்பக்கம் வந்துவிட்டார்கள். தங்களுக்கு முடியாததை அந்த அம்மாள் முடிக்க வேண்டும் என்று அவர்களுக்கும் ஆசை பிடித்துக்கொண்டது.

அப்போது மாமி மறுபடி உட்கார்ந்தார்.

ஈர ஷூவில் பிளாஸ்திரி உரிந்து மடிந்திருக்கிறது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அந்தக் கணத்தில், பஸ் நெருங்கிக்கொண்டிருக்க, ஒரு பெண்மணி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து நிதானமாகக் கயிற்றை அவிழ்ப்பதுதான் தெரிந்தது.

"உட்டோ ஆன்ட்டி, உட்டோ!" "அரே, பாகோ!" என்று எழச் சொல்லியும் ஓடச் சொல்லியும் இந்தியில் கத்தினார்கள். "மாமி, எந்திரிங்க மாமி! ஐயோ, சாக்ஸக் கழட்டுதாகளே!"

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். பஸ்ஸை அவர் நிறுத்தவில்லை, அவர் வேலை அது. ஆனால் கியரை மாற்றுவதில் இருந்த அவசரம் கொஞ்சம் குறைந்தது என்பது என் ஊகம். மாமி நிமிர்ந்து பார்த்தார். தெருவைக் கடக்கிறவர்கள் வண்டிக்குக் காட்டுவதுபோல உள்ளங்கையை எங்கள் பக்கம் காட்டினார். பழைய பிளாஸ்திரியைப் பிய்த்தெடுத்தார். துடைத்தார். புதியதின் மூலைகளை வெட்டினார். நான்கு மூலைகளையும். நான்காவதை வெட்டும்போது முருகேசன் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

பஸ்ஸின் முன்பக்கம் கிட்டத்தட்ட அவர் பக்கத்தில் வந்துவிட்டபோது எழுந்தார். நொண்டவில்லை. சீராக, மெதுவாக, பழையபடி ஓடினார். பஸ் பின்தங்கியது. அப்புறம் அது அவரைப் பிடிக்கவே இல்லை.

ஓட்டம் முடியும் எல்லைக்கோட்டைத் தாண்டி அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நாங்கள் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். மாமி ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸை உதறிக்கொண்டிருந்தார். காலில் லேசாகச் சிவந்திருந்தது. கொப்புளம் இல்லை.

முருகேசனுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. "மாமி, பஸ்ஸு முதுகுல வந்து இடிச்சிரும்போல வந்துட்டு. அப்பவும் ஒக்காந்து கத்திரிக்கோல எடுக்கீயளே! பயமா இல்லியா?"

மாமி சற்று யோசித்தார். கேள்வி அவருக்குச் சரியாகப் புரியவில்லை என்று தோன்றியது.

"பஸ் எனக்கு வலிக்கலையேடா. கால்தானே வலிச்சது."

பிறகு அவன் காலைப் பார்த்தார். சாக்ஸைப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தார். "வா, டாக்டர்கிட்ட போகலாம். இப்பவே." கழுத்தில் யாரோ போட்டுவிட்ட மெடல் முதுகுப்பக்கம் புரண்டு கிடந்தது. அதை அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை.